“பரவாயில்ல டாக்டர்!” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் நோய்களுக்கு அரசு உதவி வாங்குவது எப்படி?

விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி. அந்த ஊரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கணக்கு எழுதும் வேலை. அம்மா வீட்டோடு. ஒரே பையன், ஒன்பது வயது.

மூன்று வயதிலிருந்தே ஓடும்போது பொத்துப் பொத்தென்று விழுவான். “பய சோம்பேறி” என்றார் தாத்தா. “சத்து பத்தல, தினம் ஒரு முட்டை குடு” என்றார் பாட்டி. கெண்டைக்கால் மட்டும் கொழுகொழுவென்று இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தரையிலிருந்து எழுந்திருக்கும்போது தொடையில் கையை ஊன்றி, தன் மேலேயே தான் ஏறுவது போல எழுந்திருப்பான். கடைசியில் மதுரைக்குக் கூட்டிப் போய் ரத்தப் பரிசோதனை செய்ததில் தெரிந்தது... தசைச்சிதைவு நோய்!

அழுது முடித்து, மனசைத் தேற்றிக்கொண்டு, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகப் பையனைக் கூட்டிப் போகிறார் அம்மா. டாக்டர் கேட்கிறார்:

“தானா நடப்பானாம்மா?”

“நடப்பான் சார்.”

“மாடிப்படி?”

“ஏறிருவான் சார், கொஞ்சம் மெதுவா.”

“பள்ளிக்கூடம் போறானா?”

“போறான் சார். நல்லாப் படிப்பான்.”

“வேற எதுவும் கஷ்டம் இருக்கா?”

“பரவாயில்ல டாக்டர், சமாளிச்சுக்கிறோம்.”

அந்த அம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை! நடப்பான்... ஆனால் இருபது அடிக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு. படி ஏறுவான்... கைப்பிடி இருந்தால், பின்னால் ஒருவர் நின்றால். பள்ளிக்கூடம் போகிறான்... அப்பா வாசல் வரை சைக்கிளில் கொண்டுபோய், வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பதால். கக்கூஸில் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. போன மாதம் மட்டும் மூன்று தரம் விழுந்தான்.

சான்றிதழ் வந்தது. குறைபாடு நாற்பது சதவிகிதத்துக்கும் கீழே! பெரும்பாலான உதவிகளின் கதவு திறப்பதே நாற்பதில்தான்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் “பரவாயில்ல டாக்டர்” என்ற வார்த்தை கற்பனை இல்லை. நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த மரியாதை அது. அடுத்தவரிடம் கஷ்டத்தைக் கொட்டக் கூடாது என்ற பண்பு. வேறு இடங்களில் அது அழகு. மருத்துவக் குழுவின் முன்னால் மட்டும் அது உங்கள் பிள்ளைக்கு வர வேண்டியதைத் தடுத்துவிடும்.

இந்த நோய்களில் என்ன விசேஷம்?

விபத்தில் கால் போனால், போன கால் போனதுதான். இன்று பார்த்தாலும் பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் அளவு ஒன்றே. ஆனால் தசைச்சிதைவு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் போன்றவை அப்படியல்ல. மெல்ல மெல்ல முன்னேறுகிறவை. இந்த வருஷம் நடக்கிறவர் அடுத்த வருஷம் தடி பிடிக்கலாம். அதற்கடுத்து சக்கர நாற்காலி.

பையன்களுக்கு வரும் டுஷேன் வகைத் தசைச்சிதைவில், பத்திலிருந்து பன்னிரண்டு வயதுவாக்கில் நடையே நின்றுபோவது வழக்கம். ஸ்டீராய்டு மருந்தும் முறையான பயிற்சியும் அதைக் கொஞ்சம் தள்ளிப்போட உதவும். பார்க்கின்சனில் இன்னொரு சிக்கல். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் மனிதர் நன்றாகவே இருப்பார்; அதன் வேகம் குறைந்ததும் கட்டிலை விட்டு எழ முடியாது. டாக்டர் பார்க்கிற நேரம் எதுவோ, அதுதான் காகிதத்தில் ஏறும்.

ஆக, நோய் நடந்துகொண்டே இருக்கிறது. காகிதமோ ஒரே இடத்தில் நிற்கிறது. காகிதத்தையும் கூடவே நடக்க வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. தசைச்சிதைவு என்ற பெயரே அதில் இல்லை. 2016-ல் வந்த புதிய சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்தது. அதில் 21 வகைகள். தசைச்சிதைவு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன.

“இது வியாதிதானே, ஊனம் இல்லையே” என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், “2016 சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது, பாருங்கள் சார்” என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

முதல் படி: நோயின் பெயர் காகிதத்தில் வேண்டும்

“தசை பலவீனம்” என்று மட்டும் எழுதிய சீட்டு போதாது. நரம்பியல் நிபுணரிடம் காட்டி, நோயின் பெயர், எப்போது தொடங்கியது, கூடிக்கொண்டே போகிற நோய் என்பது வரை எழுதி வாங்குங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துக்காரர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை பழகிய இடம். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தசைச்சிதைவு என்றால் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை ஆகிய முடிவுகளைப் பத்திரமாக வையுங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ். ஒரிஜினலை எந்தக் கவுண்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள்!

இரண்டாம் படி: யு.டி.ஐ.டி. அட்டை

நாடு முழுவதற்கும் ஒரே அடையாள அட்டை இது. விண்ணப்பம் இணையத்தில்தான். வீட்டில் வசதி இல்லை என்றால் இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, மருத்துவக் காகிதங்கள் வேண்டும். பதிவு எண்ணைக் கட்டாயம் குறித்து வையுங்கள். பிறகு மருத்துவக் குழு முன் ஆஜராக வேண்டும்.

அட்டையில் மூன்று நிறம். நாற்பதுக்குக் கீழே வெள்ளை, நாற்பது முதல் எண்பதுக்குள் மஞ்சள், எண்பதும் அதற்கு மேலும் நீலம்.

2024-ல் திருத்திய விதிகளின்படி, சான்றிதழ் தர மூன்று மாத அவகாசம். விண்ணப்பித்து இரண்டு வருஷம் முடிவாகாமல் கிடந்தால் அது செயலிழந்துவிடும். ஆகவே “கொடுத்தாச்சு, வரும்போது வரட்டும்” என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மாதம் ஒரு தரம் விசாரியுங்கள்.

மூன்றாம் படி: நாற்பது பக்க நோட்டு

கட்டுரையிலேயே முக்கியமான இடம் இதுதான். மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண நோட்டு ஒன்று வாங்குங்கள். பரிசோதனைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து தினம் இரண்டே வரி எழுதுங்கள். “காலையில் எழுந்திருக்க இருவர் தூக்கினோம். மதியம் தம்ளர் கையிலிருந்து நழுவியது. சாயந்திரம் வாசல்படியில் விழுந்தான்.” அவ்வளவு போதும். தேதி மட்டும் மறக்கக் கூடாது.

எதற்கு இது? டாக்டர் தசையின் பலத்தைக் கையால் அழுத்திப் பார்ப்பார். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பார். அதோடு, கால் குறைபாட்டை மதிப்பிடும் அரசு வழிகாட்டு நெறிகளில் சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, குந்தி உட்காருவது, சம்மணம் போடுவது, முட்டி போடுவது என்று தனித்தனியாக மதிப்பெண் இருக்கிறது. நீங்கள் “செய்வான்” என்று சொல்கிற ஒவ்வொன்றும் சதவிகிதத்தைக் குறைக்கும்.

அதனால் “செய்வான்” என்று நிறுத்தாதீர்கள். எப்படிச் செய்வான்? யார் உதவியோடு? எவ்வளவு நேரத்தில்? செய்து முடித்தபின் எவ்வளவு களைப்பு? பத்து நாளில் எத்தனை நாள் முடியாது? இதையெல்லாம் சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், நடிக்கவும் வேண்டாம். அது தப்பு; அனுபவமுள்ள டாக்டர் கண்டும் பிடித்துவிடுவார். குறைத்துச் சொல்லாமல் இருந்தால் போதும்.

இன்னொரு விஷயம். பெரியவர்களாக இருந்தால் டாக்டர் எதிரில் அவர்களே விறைப்பாக எழுந்து நிற்பார்கள். “எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்!” என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் படுத்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டார்கள். முதல் நாள் இரவே உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். “அப்பா, நாளைக்கு உங்க வைராக்கியத்தக் காட்டாதீங்க. படுற பாட்டச் சொல்லுங்க.”

சதவிகிதம் குறைந்துவிட்டால்?

சான்றிதழை வாங்கியதும் கடைசி வரிகளைப் படியுங்கள். நோய் கூடிக்கொண்டு போகிறதா, மறுபரிசோதனை தேவையா, எதுவரை செல்லும் என்று எழுத இடம் இருக்கிறது. முன்னேறும் நோய்க்குத் தற்காலிகச் சான்றிதழ் தரலாம். அதில் தேதி இருந்தால் காலண்டரில் வட்டம் போடுங்கள். காலாவதியாகி விட்டால் உதவித்தொகையும் சிக்கலில் மாட்டும்.

நிலைமை மோசமானால் மறு மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் கிடைத்த வெள்ளை அட்டையே கடைசி அட்டை இல்லை. மதிப்பீடே தப்பு என்று நினைத்தால் மேல்முறையீடு செய்ய 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவு வழி தருகிறது. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். மனுவுக்கு ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

என்னென்ன கிடைக்கும்?

மாதாந்திர உதவி: தசைச்சிதைவு நோய்க்கு 40 சதவிகிதம் இருந்தாலே மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், முதுகுத் தண்டுவடப் பாதிப்பு ஆகியவையும் இந்தத் திட்டத்தில் உண்டு. மாதம் 2,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்ட தொகை இது. விருதுநகர் கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. அதற்குத் தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று கேட்டு ஒன்றுக்கு எழுதுங்கள்.

சக்கர நாற்காலி: தசைச்சிதைவு, தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. நடை முழுதும் நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். வரிசையில் இடம் பிடித்து வையுங்கள்.

வைத்தியச் செலவு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022-ல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. எந்தச் சிகிச்சை இதில் அடங்கும் என்று முன்கூட்டியே கேட்க 1800 425 3993. அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையில் டுஷேன் தசைச்சிதைவும் இருக்கிறது. அதற்கான சிறப்பு மையமாகச் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அறிவிக்கப்பட்டது.

வீட்டுக்கே பயிற்சி: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே தர ஏற்பாடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். சந்தேகத்துக்கு 104.

பயணம்: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. ரயிலில், துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத நிலையில் இருப்பவருக்கும் துணைக்கு வருபவருக்கும் சேர்த்தே சலுகை. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் அடிப்படைக் கட்டணத்தில் 75 சதவிகிதம் குறையும். ஆனால் ரயில்வேயின் தனிப் படிவத்தில் அரசு டாக்டர் கையெழுத்து வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

படிப்பு: 40 சதவிகிதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. வகுப்பு மாடியில் இருந்தால் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள்.

நடுத்தரக் குடும்பங்கள் கோட்டை விடும் மூன்று இடங்கள்

ஒன்று, வருமான வரி. குறைபாடுள்ளவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்கு 75,000 ரூபாயும், 80 சதவிகிதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. 80டிடி என்று நாம் பழகிய சலுகை இது. பழைய வரி முறையில் மட்டும்தான் செல்லும். எந்த முறை லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு, வேலை. அரசு ஊழியர் ஒருவருக்கு நாற்பத்தைந்து வயதில் பார்க்கின்சன் வருகிறது. கை நடுங்குகிறது. “எதுக்கு சார் கஷ்டப்படுறீங்க, வி.ஆர்.எஸ். குடுத்துருங்க” என்று நல்லெண்ணத்தோடுதான் சக ஊழியர் சொல்வார். அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள்! பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால், அரசு நிறுவனம் அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு. அந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும்.

மூன்று, குடும்ப ஓய்வூதியம். ஓய்வூதியம் உள்ள அரசுப் பணியில் இருந்த பெற்றோருக்கு, தானாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், அவர்கள் காலத்துக்குப் பின் அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. “எங்களுக்கப்புறம் இவன் கதி?” என்று ராத்திரி தூக்கம் வராத பெற்றோர் எத்தனை பேர்! உங்கள் காலத்திலேயே சான்றிதழைக் கொடுத்து, அலுவலகப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரை ஏற்றிவிடுங்கள்.

“வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?”

அட்டைக்கு விண்ணப்பிக்காமலே இருப்பவர்களைக் கேட்டால் உண்மைக் காரணம் இதுதான். “அக்காவுக்கு வரன் பார்க்கணும். ஊருக்குத் தெரிஞ்சா?” அந்தப் பயத்தை நாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பையன் நடக்கும் நடை தெருவுக்கே தெரிகிறது. தெரியாமல் இருப்பது அவனுக்கு வர வேண்டிய உதவி மட்டும்தான்.

இன்னும் ஒன்று. டுஷேன் நோய்க்கான மரபணுக் குறை தாய் வழியாக வரலாம் என்று தெரிந்ததும், சில வீடுகளில் பழி முழுக்க மருமகள் தலையில் விழும். இது அநியாயம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குத் தாயிடம் எந்தக் குறையும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. தாயிடம் இருந்தாலும் அவர் கேட்டு வாங்கியதா அது? பழி சொல்வதை விட்டு, தாய்க்கும் சகோதரிகளுக்கும் மரபணுப் பரிசோதனை செய்து ஆலோசனை கேட்பதுதான் புத்திசாலித்தனம். மறைத்துக் கல்யாணம் செய்வதைவிட, தெரிந்து செய்வது எல்லோருக்கும் நல்லது.

சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்று இரண்டு சகோதரிகள். இருவருக்குமே தசைச்சிதைவு. வீட்டுக்குள் முடங்காமல், தங்களைப் போன்றவர்களுக்காக 2009-ல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். நோயை மறைத்திருந்தால் அவர்களை நாடி வந்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்காது.

மறுபடியும் வ. புதுப்பட்டிக்கு...

அந்த அம்மா மறு மதிப்பீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை கையில் நோட்டு இருக்கிறது.

“நடப்பானாம்மா?”

“பத்து அடி நடப்பான் சார். அதுக்கு மேல சுவரப் பிடிக்கணும். போன மாசம் அஞ்சு தரம் விழுந்தான். தேதி எழுதி வச்சிருக்கேன்.”

டாக்டர் நோட்டை வாங்கிப் புரட்டுகிறார். தசையை அழுத்திப் பார்க்கிறார். குந்தி உட்காரச் சொல்லிப் பார்க்கிறார். எழுதுகிறார். இந்தத் தடவை நாற்பதைத் தாண்டியாகிவிட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பையன் கேட்கிறான்: “ஏம்மா, இந்தப் பரீட்சைல மட்டும் முடியாதுன்னு சொன்னாத்தான் மார்க்கா?”

“முடியாதுன்னு சொல்லலய்யா. முடியுறதையும் முடியாததையும் உள்ளபடி சொன்னோம். அவ்வளவுதான்.”

ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் மலையைப் பார்த்துக்கொண்டு வருகிறான். அவன் மடியில் சான்றிதழ். அம்மா மடியில் நோட்டு. அதை அவர் தூக்கிப் போடப் போவதில்லை. அடுத்த பரிசோதனைக்கு இன்றைக்கே முதல் வரி எழுத வேண்டும்.

நீங்களும் ஒரு நோட்டு வாங்கிவிட்டீர்களா?